போர்க்கால பெங்களூரில் தாத்தா விமானம் கட்டினாரா, பழுது பார்த்தாரா?

வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய், அல்சூரில் குடியிருந்துகொண்டு, 1942 முதல் 1946 வரை ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் விமானம் கட்டினார் என்று ஒரு சித்தப்பாவும், வெறும் ரிப்பேர் வேலைதான் பார்த்தார் என்று இன்னொருவரும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த இடத்தை ‘அமெரிக்கக் கம்பெனி’ என்றே குறிப்பிட்டது ஏன், ஏரியில் விமானம் இறங்கும் என்று அவர் சொன்னது உண்மையா, நாற்பது வயதிலேயே அவருக்குக் காது மந்தமானதற்கும் அந்த வேலைக்கும் தொடர்பு உண்டா என்பவை உங்களுடைய மற்றக் கேள்விகள். விமான இன்ஜின் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சித்தப்பாக்கள் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் தாத்தாவின் நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி பழுதுபார்ப்பில் கழிந்திருக்க வேண்டும். ‘வெறும்’ என்ற அடைமொழியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதற்கான காரணத்தைத்தான் கீழே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த். சிந்தியா கப்பல் கம்பெனியை நடத்தியவர், விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்தவர், பின்னால் பிரீமியர் கார் கம்பெனியை உருவாக்கியவர். 1939-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், பசிபிக் கடலைக் கடக்கும் விமானத்தில், வில்லியம் பாலி என்ற அமெரிக்கரை அவர் சந்தித்தார். பாலி அப்போது சீன அரசுக்காக யுன்னான் மாகாணத்தில் லோய்விங் என்ற இடத்தில் விமானத் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவில் விமானத் தொழில் வளர்வதில் பிரிட்டிஷ் அரசுக்கு அதுவரை ஆர்வம் இருந்ததில்லை. 1940 நடுவில் பிரான்ஸ் வீழ்ந்து, பிரிட்டன் தனித்து நிற்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் அந்த மனநிலை இளகியது. மைசூர் சமஸ்தானத்தில் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயில் இந்த வாய்ப்பை விடவில்லை. நிலம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றோடு முதலீட்டில் பங்கும் தருவதாக ஒப்புக்கொண்டார். 1940 டிசம்பர் 23 அன்று ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பெங்களூரில் பதிவாயிற்று. இயந்திரங்கள், வரைபடங்கள், நிபுணர்கள் ஆகியவை பாலியின் கம்பெனி வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தன. ஆகவே ‘அமெரிக்கக் கம்பெனி’ என்ற பெயருக்குத் தொடக்கத்திலேயே ஓரளவு நியாயம் இருந்தது. அந்தப் பெயர் முழு அளவில் பொருந்திய காலம் பின்னால் வந்தது.

தொடங்கியபோது நோக்கம் விமானம் கட்டுவதுதான். ஹார்லோ என்ற பயிற்சி விமானம் 1941-ல் வெளிவந்தது. கர்டிஸ் ஹாக் என்ற சண்டை விமானம் 48 செய்வதற்கு இந்திய அரசு 1941-ல் ஆர்டர் கொடுத்தது. வல்டீ என்ற குண்டுவீச்சு விமானத்துக்கும் ஏற்பாடு இருந்தது. பெங்களூரில் செய்த முதல் ஹாக் 1942 ஜூலை 31 அன்று சோதனைக்காகப் பறந்தது. அதன்பின் நான்கு விமானங்கள் மட்டுமே முடிக்கப்பட்டன; அத்தோடு திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் தாத்தா 1942-ன் முற்பகுதியில் சேர்ந்திருந்தால், இந்த ஐந்து விமானங்களில் ஏதோ ஒன்றின் இறக்கையிலோ உடற்பகுதியிலோ அவர் கை பட்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கட்டினார் என்று சொல்லும் சித்தப்பாவுக்கு இதுவே ஆதாரம்.

கைவிட்டதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமான கூற்று என்று எனக்குத் தோன்றவில்லை. விமானத் தகட்டுக்கான டியூராலுமின் என்ற அலுமினியக் கலவை உலோகம் இந்தியாவில் கிடையாது. கேரளத்து ஆலுவா அருகே முதல் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியதே 1943-ல்தான், அதுவும் விமானத் தகடு செய்யும் ஆலை அல்ல. இன்ஜின், கருவிகள், டயர் உட்பட எல்லாம் நீர்மூழ்கிகளுக்குத் தப்பிக் கப்பலில் வந்து சேர வேண்டியிருந்தது. இதற்கிடையில் போரும் வாசலுக்கே வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பியது அந்த மாதத்தில்தான். அதே ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய அரசு வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டு தொழிற்சாலையைத் தன் பொறுப்பில் எடுத்தது. மைசூர் அரசு தன் பங்கை வைத்துக்கொண்டு, போர் முடியும்வரை நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆண்டுக்குச் சில விமானங்களைப் புதிதாகக் கட்டுவதைவிட, அமெரிக்காவிலிருந்து முழுதாக வந்து சேரும் நூற்றுக்கணக்கான விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதே அவசரத் தேவை என்று அரசு முடிவு செய்தது. அன்றைய நிலையில் அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன், அதனால் நம் நாட்டின் விமானத் தொழில் சில ஆண்டுகள் பின்தங்கியது உண்மை என்றாலும்.

1943 செப்டம்பரில் தொழிற்சாலையின் நிர்வாகம் அமெரிக்க ராணுவத்தின் விமானப் படையிடம் போயிற்று. 84-ஆவது விமானக் கிடங்கு என்ற பெயரில் அது இயங்கியது. அமெரிக்க அதிகாரிகள், சீருடை அணிந்த அமெரிக்க மெக்கானிக்குகள், அவர்களோடு தோளோடு தோள் நின்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசிய நம் ஊர்த் தொழிலாளர்கள் என்று அந்தக் கூடங்கள் 2 ஆண்டுகள் நிறைந்திருந்தன. தாத்தாவின் ‘அமெரிக்கக் கம்பெனி’ என்ற சொல் இந்த ஆண்டுகளைத்தான் குறித்திருக்க வேண்டும். தண்டு என்று தமிழர்கள் அழைத்த கன்டோன்மென்ட் பகுதியில், குறிப்பாக அல்சூரில், தமிழ்க் குடும்பங்கள் அப்போதே தலைமுறைகளாக இருந்தன. தொழிற்சாலை நகரத்தின் அதே கிழக்குப் பக்கம் அமைந்திருந்ததால், வேலை தேடி வந்த இளைஞர் ஒருவர் அங்கே குடியேறியது இயல்பானது.

பெங்களூருக்கு வந்த விமானங்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்தால் அந்த வேலையின் கனம் புரியும். பர்மாச் சாலை அறுந்துபோன பின் சீனாவுக்கு எல்லாப் பொருளும் அசாமிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டிக் குன்மிங்குக்கு வான்வழியே போக வேண்டியிருந்தது. 1942 முதல் 1945 வரை அந்த வழியில் ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு போயிற்று. மழையும் பனியும் மண் ஓடுதளங்களின் புழுதியும் இன்ஜின்களைக் கரைத்துக்கொண்டிருந்தன. பர்மாவின் மேல் பறந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் துளைகளோடு திரும்பின. எதிரியின் விமானங்கள் எளிதில் எட்ட முடியாத இடமாகவும், ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் மிதமான வெயில் கொண்டதாகவும், இந்திய அறிவியல் கழகமும் மின்சாரமும் ஏற்கெனவே இருந்ததாகவும் அமைந்த பெங்களூர் இந்த வேலைக்குப் பொருத்தமான ஊர்.

தாத்தா முதலில் ரிவெட் அடிக்கும் வேலையிலும் பிறகு இன்ஜின் ஷாப்பிலும் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

ரிவெட் என்பது தகடுகளை இணைக்கும் உலோக ஆணி. அதை அடிப்பது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. தகட்டின் வெளிப்பக்கம் ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியைப் பிடித்து ரிவெட்டின் தலையில் அடிப்பார்; உள்பக்கம் இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார்; வால் நசுங்கி உருண்டு தகடுகளைக் கவ்விக்கொள்ளும். இருவருக்கும் இடையே தகடு மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இரைச்சலில் பேச்சும் எடுபடாது. ஆகவே கட்டைக்காரர் தகட்டில் தட்டும் எண்ணிக்கைதான் மொழி: இன்னும் அடி, சரியாக வந்துவிட்டது, கெட்டுவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. இறக்கையின் உட்புறத்திலும் வால் பகுதியிலும் மெலிந்த உடல்வாகு உள்ள இளைஞர்களே நுழைய முடியும் என்பதால், புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பெரும்பாலும் கட்டை பிடிக்கும் வேலை வந்து சேரும். உயர்வலிமை ரிவெட்டுகள் இன்னொரு சிரமம் தருபவை. அவற்றை உலையில் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்தால் சிறிது நேரம் மிருதுவாக இருக்கும். உலோகத்தின் வகையைப் பொறுத்துச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தாமாகவே இறுகிவிடும். இறுகிய பின் அடித்தால் வெடிப்பு விழும். அதனால் அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, தேவைக்கு ஏற்பக் கைப்பிடி கைப்பிடியாக வாங்கி வந்து உடனே அடித்து முடிப்பார்கள்.

புதிய விமானத்தில் ரிவெட் அடிப்பதற்கும் அடிபட்ட விமானத்தில் அடிப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. புதிய விமானத்தில் துளை எங்கே விழ வேண்டும் என்பதை அச்சுத் தகடு சொல்லிவிடும். ஒரே மாதிரியான பகுதி மறுபடி மறுபடி வரும். குண்டு துளைத்து வந்த விமானத்தில் எந்த இரண்டு காயங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கிழிந்த தகட்டைக் கூர்மூலை இல்லாமல் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்ட வேண்டும். மூலை இருந்தால் அங்கிருந்து வெடிப்பு ஓடும். பழைய ரிவெட்டுகளைத் துளை பெரிதாகாமல் துரப்பணத்தால் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டுத் தகட்டின் தடிமன், ரிவெட்டுகளின் வரிசை, இடைவெளி ஆகியவற்றைக் கையேட்டின்படி கணக்கிட்டு, முதலில் இருந்த வலிமை திரும்பக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். துணியால் போர்த்திய பாகங்களும் இருந்தன. சி-47 சரக்கு விமானத்தின் வால் சுக்கான் போன்ற அசையும் பகுதிகளில் துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் டோப் என்ற திரவத்தைப் பல பூச்சுப் பூசி இறுக்குவார்கள். அந்தக் கூடத்தின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு இன்ஸ்பெக்டர் வந்து தட்டியும் தடவியும் பார்த்து முத்திரை வைத்தால்தான் விமானம் அடுத்த கூடத்துக்கு நகரும்.

இன்ஜின் ஷாப்புக்கு மாற்றப்பட்டார் என்றால் அவரிடம் ஏதோ ஒரு பொறுமையை மேஸ்திரிகள் கண்டிருக்க வேண்டும். லிபரேட்டர், சி-47, கீழே நான் சொல்லப்போகும் கேட்டலினா ஆகிய மூன்று விமானங்களிலும் ஓடியது பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் என்ற இன்ஜின் குடும்பம்தான். ஏழு ஏழாக இரண்டு வட்டங்களில் 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஏறத்தாழ 1,200 குதிரைத் திறன். ஒரு லிபரேட்டரில் நான்கு இன்ஜின் என்பதால், ஒரே விமானத்துக்கு 56 சிலிண்டரும் 112 பிளக்கும் பார்க்க வேண்டும். ஓவர்ஹாலுக்கு வந்த இன்ஜினை முழுதும் பிரித்து, எண்ணெயும் கரியும் போகக் கழுவி, பாகங்களை வரிசையாகத் தட்டுகளில் வைப்பார்கள். எஃகுப் பாகங்களைக் காந்தமாக்கி, மெல்லிய இரும்புத்தூள் கலந்த எண்ணெயை ஊற்றிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் தூள் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். தேய்மானத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். எதை மாற்றுவது, எதைத் திரும்பப் போடுவது என்ற முடிவு இங்கேதான் எடுக்கப்படும். உதிரிபாகம் கடல் கடந்து வர வேண்டிய காலத்தில் அந்த முடிவின் பாரம் அதிகம். மறுபடி பூட்டும்போது அதிர்வில் கழன்றுவிடாதபடி மரையாணிகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுவார்கள். கம்பி முறுக்கிய திசை தவறினால் ஆணி இறுகுவதற்குப் பதிலாகத் தளரும். கடைசியாகச் சோதனை மேடையில் ஏற்றி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, எண்ணெய் அழுத்தம், வெப்பம் எல்லாம் குறித்த பிறகே இன்ஜின் விமானத்துக்குப் போகும். நான் வேலைக்கு வந்த காலத்தில் இன்ஜின்கள் அடியோடு மாறிவிட்டன. ஆனாலும் பிரித்தல், கழுவுதல், வெடிப்புத் தேடுதல், அளத்தல், பூட்டுதல், ஓட்டிப் பார்த்தல் என்ற இந்த ஒழுங்கு மாறவே இல்லை. புதிய பாகம் கையில் வந்தால் அதை நம்பலாம். பழைய பாகத்தை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவன்தான் விமானிக்குப் பொறுப்பாகிறான். ‘வெறும் ரிப்பேர்’ என்ற பேச்சு என்னை உறுத்துவது இதனால்தான்.

ஏரியில் விமானம் இறங்கியது முழுக்க உண்மை. கேட்டலினா என்பது நீரில் இறங்கும் பறக்கும் படகு. 104 அடி இறக்கை அகலம், இரண்டு இன்ஜின், கடல்மேல் பல மணி நேரம் சுற்றிக் கண்காணிக்கும் வேலை. அதன் ஒரு வகைக்குச் சக்கரமே கிடையாது. தொழிற்சாலைக்குத் தெற்கே இருக்கும் பெல்லந்தூர் ஏரியில் அவை இறங்கும். கரையில் தற்காலிகச் சக்கர வண்டியைப் பூட்டி மேலே இழுத்துப் பழுதுபார்க்கக் கொண்டுபோவார்கள். இன்றைக்கு நுரைக்காகப் பெயர் கெட்டுப்போன அதே ஏரிதான். வீட்டில் இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கலைக் களப்பிலும் அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் கேட்டலினா தளங்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4 அன்று, கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டு தகவல் அனுப்பியது கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலினாதான்.

காது விஷயத்தில் ஒரு மருத்துவரைப் போல் நான் உறுதி கூற முடியாது. ஆனால் தகட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ரிவெட் கட்டை பிடித்தவர்களும், இன்ஜின் சோதனை மேடை அருகே நின்றவர்களும் செவித்திறன் இழந்தது உலகம் முழுவதும் அறியப்பட்ட தொழில்நோய். கொதிகலன் செய்தவர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். காதில் பஞ்சு வைப்பதைத் தவிர அக்காலத் தொழிலாளிக்கு வேறு பாதுகாப்பு இல்லை. முதலில் மெல்லிய, கூர்மையான ஒலிகள் போகும். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் புரியாமல் ஆண்குரல் மட்டும் கேட்கும். பாட்டி கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அவர் வேண்டுமென்றே கேளாததுபோல் இருந்தார் என்ற குடும்பப் பேச்சை நீங்கள் திருத்தியாக வேண்டும்.

1945-ல் போர் முடிந்து அமெரிக்கர்கள் தொழிற்சாலையைத் திருப்பி ஒப்படைத்தபோது வேலை சுருங்கியது. அவர் 1946-ல் விலகியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். தொழிற்சாலை உயிர் பிழைக்க முழு உலோக ரயில் பெட்டிகள் செய்தது. அந்தப் பிரிவுதான் 1964-ல் பெமல் என்ற பொதுத்துறை நிறுவனத்துக்குப் போயிற்று. விமானத் தகட்டில் பழகிய கைகள் ரயில் பெட்டியின் தகட்டைச் செய்தன. 1948-ல், பிரிட்டிஷார் கான்பூரில் கெடுத்துவிட்டுப் போட்டுச் சென்ற லிபரேட்டர் குவியலிலிருந்து 42 விமானங்களைத் தேறவைத்து, ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வர, நம் தொழிலாளர்கள் அவற்றை முழுதாகச் செப்பனிட்டார்கள். இந்திய விமானப் படையில் அவை 1968 வரை பறந்தன. சில இன்றும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. தாத்தா அப்போது அங்கே இல்லை. ஆனால் அந்த லிபரேட்டர்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள், அவரோடு 1943-க்கும் 1945-க்கும் இடையில் வேலை கற்றவர்கள்தாம். பின்னால் இஸ்ரோ தலைவரான சதீஷ் தவான் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகுமுன் சுமார் ஓராண்டு அங்கே வேலை பார்த்தார். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. படிப்புக்குப் பின் பயிற்சி பெற்றது அதே தொழிற்சாலையின் இன்ஜின் ஓவர்ஹால் பிரிவில். விமானவியல் பொறியாளர் வி. எம். கட்டாகே போர்க்காலத்தில் தொடங்கிய வடிவமைப்பு வேலை 1951-ல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானத்தில் வந்து நின்றது.

இனித் தேட வேண்டிய இடங்கள். பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் அந்தத் தொழிற்சாலையின் இன்றைய நிறுவனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போர்க்காலப் படங்களைப் பார்க்கலாம். மைசூர் அரசின் கோப்புகள் கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்திலும், இந்திய அரசின் கோப்புகள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. தில்லிக் கோப்புகளில் பலவற்றை அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். 84-ஆவது கிடங்கு போன்ற அமெரிக்கப் படைப்பிரிவுகளின் வரலாற்றுப் பதிவுகளுக்கு அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப் படை வரலாற்று ஆய்வு நிறுவனத்துக்கு எழுதலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டில் உள்ள பெட்டியைப் பாருங்கள். பித்தளை டோக்கன், சேமநிதிச் சீட்டு, வேலையிலிருந்து விடுவித்த சான்றிதழ், 1940-களில் இந்திய அரசு நடத்திய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தின் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று கிடைத்தாலும் போதும். அதில் டோக்கன் எண்ணும் தொழிற்பிரிவும் இருக்கும். பிரிவு ஏர்ஃபிரேம் என்றிருந்தால் தகடும் ரிவெட்டும். ஏரோ இன்ஜின் என்றிருந்தால் மேலே சொன்ன ஓவர்ஹால் வரிசை. சேர்ந்த தேதி 1942 ஜூலைக்கு முன்னால் இருந்தால், அந்த முதல் ஹாக் பறந்த நாளில் அவர் அங்கே வேலையில் இருந்தார் என்று சித்தப்பாவிடம் நீங்கள் உறுதியாகச் சொல்லலாம்.